ஐந்து விளக்குக்கு ஐந்து ஊனோ எதற்கு?

வணக்கம். கையில் ஒரு ஊனோ (நிரல் ஏற்றி ஓட்டும் ஆர்டுயினோ போர்டு) இருக்கிறது, பட்டனைத் தட்டினால் எரியும் ஐந்து பேட்டரி விளக்குக்கு இன்னும் நான்கு வாங்கணுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். வேலையில்லாத நேரத்தில் சிப்பைத் தூங்கவைத்தாலும் அந்த போர்டில் உள்ள வோல்டேஜ் ரெகுலேட்டரும் யுஎஸ்பி சிப்பும் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

விளக்குக்கு ஒரு அட்டைனி85 என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் சிப் தாராளமாகப் போதும். 8 கால், நிரலை வைக்க 8 கேபி ஃப்ளாஷ் நினைவகம். அதற்குள் இருக்கும் வாட்ச்டாக்கையும் (காவல் டைமர்) ஏடிசியையும் (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) அணைத்துத் தூங்கவைத்தால் 1 மைக்ரோஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும். டிப் வகையாக (இரு பக்கமும் நீளக் கால் உள்ளது) பார்த்து வாங்குங்கள், சால்டர் இல்லாமல் செருகும் பிரெட்போர்டில் நேராக உட்காரும்.

சிப்பில் நிரலை ஏற்றத் தனி புரோகிராமர் கருவியும் தேவையில்லை. உங்கள் ஊனோவையே புரோகிராமராக மாற்றும் ஆர்டுயினோ ஐஎஸ்பி ஸ்கெட்சை (நிரலை) அதில் ஏற்றிய பிறகு, ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். நெகட்டிவ் கால் கிரவுண்டில்.

அனுப்பும் செலவுதான் கையைக் கடிக்கும், அதனால் எல்லாவற்றையும் ஒரே ஆர்டரில் வாங்கிவிடுங்கள். விலை நம்பமுடியாத மலிவென்றால் மேலே பெயர் மாற்றி அச்சடித்த சிப்பாக இருக்கலாம். வந்ததும் சிக்னேச்சரை (சிப்புக்குள் பதிந்திருக்கும் அடையாள எண்ணை) படித்துச் சரிபாருங்கள்.