விடைபெறும்போது "வரேன்" என்றால் வருவாரா, போவாரா?

வீட்டுக்கு வந்த உறவினர் எழுந்து நின்று "சரி, அப்போ நான் வரேன்" என்கிறார், இது என்ன பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் கிளம்புகிறார், அவ்வளவுதான். "போயிட்டு வரேன்" என்பதன் சுருக்கம் இது. "போறேன்" என்று மட்டும் சொல்வது திரும்பி வராத போக்கைக் குறிப்பதுபோல் ஒலிப்பதால், பெரியவர்கள் அதை அமங்கலமாக நினைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் "போட்டு வாறன்" என்பார்கள். மலையாளத்திலும் சிங்களத்திலும்கூட இதே வழக்கம் உண்டு.

குழப்பம் தொலைபேசியில்தான் வரும். "நாளைக்கு வரேன்", "பத்து நிமிஷத்துல வரேன்" என்று நேரமோ இடமோ சேர்ந்து வந்தால் நிஜமாகவே வருகிறார். முன்னால் "சரி", "அப்போ" வந்து, பேச்சும் முடிந்திருந்தால் விடைபெறுகிறார். திரும்ப வருவதாக வாக்குக் கொடுக்கவில்லை.

பதிலுக்கு "சரிங்க, போயிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். வெறும் "போங்க" வேண்டாம், விரட்டுவதுபோல் இருக்கும்.

ஓர் இடத்தில் மட்டும் மிகவும் கவனம் தேவை. துக்க வீட்டில் "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது, அந்தக் காரணத்துக்காக மறுபடி வருவேன் என்று பொருள்படும். அங்கே சொல்லாமல் கிளம்புவதுதான் மரியாதை. யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.