உருது தெரியாமல் ஆகா ஷாகித் அலியைப் படிக்க முடியுமா?

கேள்வி: உருது, ஆங்கிலம் இரண்டிலும் ஊறிய கவிஞர் ஒருவரைப் படிக்க ஆசை. ஆகா ஷாகித் அலியைச் சொல்கிறார்கள். உருது தெரியாத எனக்குப் பிடிபடுவாரா?

எனக்கும் உருது தெரியாது. ஆனாலும் பல வருடங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்று. அவருடைய கவிதை நூல்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. 1949இல் டெல்லியில் பிறந்து ஸ்ரீநகரில் வளர்ந்தவர். தாய்மொழி உருது, முதல் மொழி ஆங்கிலம் என்று தானே பிரித்துச் சொன்னவர். எழுதிய கை ஆங்கிலம், கேட்ட காது உருது.

அந்தக் காதைப் புரிந்துகொள்ளத் தமிழர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஈரடிகளாக அடுக்கி எழுதும் உருதுக் கவிதை வடிவம்தான் கஜல். அதன் முதல் ஈரடியில் இரண்டு வரிகளும் ஒரே சொல்லில் முடியும், அது ரதீஃப். அதற்குச் சற்று முன்னால் ஓசை ஒத்த சொற்கள் வரும், அது காஃபியா. அடுத்தடுத்த ஈரடிகளில் இரண்டாம் வரிக்கு மட்டும் இந்தக் கட்டாயம். நானே கட்டிய ஓர் உதாரணம்:

உள்ளே ஒரு கனா இருக்கிறது
அதனுள் ஒரு வினா இருக்கிறது

கவிதை சுமார்தான், இலக்கணம் சரியாக இருக்கிறது. உருதுவிலும் நம்மைப் போல வினை கடைசியில் வரும். அதனால் வாக்கியம் தானாகவே ரதீஃபில் போய் உட்கார்ந்துவிடும். ஆங்கிலத்தில் வினை நடுவிலேயே முடிந்துவிடுகிறது. வரியின் கடைசியில் நிறுத்த வேறு ஏதாவது வேண்டும். ஷாகித் தேர்ந்தவற்றைப் பாருங்கள்: 'இன்றிரவு', 'அரபியில்', 'மழையும்கூட'. 'அரபியில்' என்று முடியும் கஜலின் கடைசி ஈரடியில், மரபுப்படி தன் பெயரை வைக்கிறார்: ஷாகித் என்றால் பாரசீகத்தில் காதலுக்குரியவர், அரபியில் சாட்சி. இலக்கணக் கட்டாயமே அங்கே கவிதையாகிவிடுகிறது.

இந்த விதிகளில் அவர் பிடிவாதக்காரர். தோன்றியபடி ஈரடிகளை அடுக்கி அதற்குக் கஜல் என்று பெயர் வைத்த அமெரிக்கக் கவிஞர்கள்மீது அவருக்குக் கடுங்கோபம். 2000இல் விதிப்படி எழுதப்பட்ட ஆங்கிலக் கஜல்களைத் தொகுத்தே காட்டினார். உச்சரிப்பிலும் கறார். 'கஜல்' என்று நாம் எழுதுவதைப் பார்த்திருந்தால் நமக்கும் திட்டு விழுந்திருக்கும்.

பாடகி பேகம் அக்தரின் குரல்தான் அவருக்குக் கஜல் பள்ளிக்கூடம். உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸின் கவிதைகளை மொழிபெயர்க்க அனுமதி கேட்டு, அப்போது பெய்ரூட்டில் இருந்த ஃபைஸுக்குக் கடிதம் எழுதியபோது, கூடவே ஒரு லஞ்சத்தையும் காட்டினார்: ஃபைஸின் கஜல்களைப் பேகம் அக்தர் பாடிய அரிய ஒலிநாடா! அனுமதி கிடைத்தது. 'தி ரெபல்ஸ் சில்லவெட்' அப்படி வந்த நூல்.

எனக்கு மிகவும் நெருக்கமானது 1997இல் வந்த 'தி கன்ட்ரி விதவுட் எ போஸ்ட் ஆபீஸ்'. 1990இல் காஷ்மீர் கொந்தளித்தபோது ஏழு மாதம் தபால் பட்டுவாடா இல்லை. ஷாகித்தின் நண்பர் ஒருவருடைய தந்தை, மூட்டைகள் குவிவதை வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நடந்துபோய்க் குவியலின் மேலிருந்த ஒரு கடிதத்தை எடுத்தார். அது அவருக்கே வந்த கடிதம். எழுதியவர் ஷாகித்தின் தந்தை. கதையில் எழுதினால் நம்ப மாட்டோம்.

அந்த நூல் வந்த வருடமே தாய் மூளைப் புற்றுநோயில் இறந்தார். 2001 டிசம்பரில் ஷாகித்தும் அதே நோயில், அமெரிக்காவின் ஆம்ஹெர்ஸ்டில், 52 வயதில் போய்விட்டார்.

எங்கே தொடங்குவது? கஜலில் வேண்டாம். 'தி ஹாஃப் இன்ச் ஹிமாலயாஸ்' நூலில், காஷ்மீரிலிருந்து வந்த தபால் அட்டையைப் பற்றிய சின்னக் கவிதை ஒன்று இருக்கிறது. நான்குக்கு ஆறு அங்குலத்தில் தன் வீடு முழுவதையும் கையில் பிடித்திருக்கிறார். அதைப் படித்துவிட்டுக் கஜலுக்கு வாருங்கள். வந்தபின் வாய்விட்டுப் படியுங்கள்.