டிஜே பள்ளிச் சேர்க்கை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். போட்டியிட்டு இடம் பெற வேண்டிய அரசுப் பள்ளியான தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியை (இங்கே எல்லோருக்கும் அது டிஜே) பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இன்று பதில்.

ஆஷ்பர்ன் அம்மா ஒருவர்: அக்கா, இப்பதான் இந்த ஊருக்கு வந்தோம். டிஜே நுழைவுத் தேர்வுக்கு எங்க கோச்சிங் சேர்க்கலாம்?

அந்தத் தேர்வே இப்போது இல்லைம்மா. 2020 இறுதியில் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி கல்வி வாரியம் தேர்வையும் 100 டாலர் விண்ணப்பக் கட்டணத்தையும் எடுத்துவிட்டது. 3.5 ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்), அல்ஜீப்ரா 1 (இயற்கணிதத்தின் முதல் பாடம்), ஹானர்ஸ் (கூடுதல் ஆழமான) பாடங்கள் வேண்டும். தன்னைப் பற்றிச் சில கேள்விகளுக்கு எழுத வேண்டும். கணக்கு அல்லது அறிவியல் புதிர் ஒன்றைத் தீர்த்து விளக்க வேண்டும். ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத அளவு இடம் உறுதி. மிச்ச இடங்களுக்குப் பொதுப் போட்டி. கோச்சிங்குக்குக் கொட்டும் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

ஹெர்ண்டன் அப்பா ஒருவர்: என் பையன் கார்சன் மிடில் ஸ்கூல். அங்கே கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறைய. வேறு பள்ளியில் இருந்திருந்தால் இடம் கிடைத்திருக்கும். ஆசியப் பிள்ளைகளைக் குறைக்கத்தானே இந்த ஏற்பாடு?

உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது, சார். கார்சன், லாங்ஃபெலோ போன்ற பள்ளிகளில் 1.5 சதவீதம் முடிந்த பிறகும் தகுதியான பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். புதிய முறையின் முதல் ஆண்டுப் பொதுப் போட்டியிலோ, டிஜேக்கு அதிகம் பேரை அனுப்பாத பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் புள்ளி இருந்தது. 2020இல் இடம் பெற்றவர்களில் ஆசியர்கள் 73 சதவீதம். அடுத்த ஆண்டே 54. வாரிய உறுப்பினர்கள் தங்களுக்குள் அனுப்பிய குறுஞ்செய்திகளில், இதில் ஆசியர்களுக்கு எதிரான தொனி இருப்பதாக அவர்களே பேசிக்கொண்டது நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

இதை எதிர்த்துப் பெற்றோர் குழு ஒன்று வழக்கும் போட்டது. 2022 பிப்ரவரியில் மாவட்ட நீதிபதி பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தார். 2023 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்று அதை மாற்றியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது.

ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். பழைய முறையின் கடைசி ஆண்டில் இடம் பெற்றவர்களில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் 1 சதவீதம்கூட இல்லை. 2021இல் 25 சதவீதம். ஏழை ஆசியப் பிள்ளைகள் மட்டும் ஒருவரிலிருந்து 51 பேர் ஆனார்கள். டாக்ஸி ஓட்டுபவர் பிள்ளையும் ஓட்டல் சமையலறையில் நிற்பவர் பிள்ளையும் அதில் உண்டு என்றுதான் நினைக்கிறேன். 'ஆசியர்களுக்கு இழப்பு' என்று பேசும்போது அவர்களை எந்தக் கணக்கில் வைப்பது? விண்ணப்பத்தை மதிப்பிடுபவருக்குப் பெயரும் தெரியாது, இனமும் தெரியாது.

நியூ ஜெர்சி வாசகர்: எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள். அதைவிட நேர்மையான வழி உண்டா?

கேள்வித்தாள் ஒன்றுதான். அதற்கு முந்தைய ஐந்து வருடம் ஒன்றல்ல. மூன்றாம் வகுப்பிலேயே அட்வான்ஸ்டு (கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான) வகுப்புக்குத் தேர்வான குழந்தை, ஏழாம் வகுப்பில் அல்ஜீப்ராவைத் தொட்டுவிடும். அந்த வழி இருப்பதே தெரியாத பெற்றோரின் பிள்ளைகளையும் என் வகுப்பில் பார்க்கிறேன். மூளையில் குறைவே இல்லை. நியூயார்க்கில் ஸ்டைவசென்ட் போன்ற சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளுக்கு 1971 முதல் சட்டப்படி தேர்வு மட்டும்தான். 2019இல் ஸ்டைவசென்ட் பள்ளி 895 பேருக்கு இடம் கொடுத்தது; கறுப்பின மாணவர்கள் 7 பேர்.

அதற்காகக் குலுக்கல் போடவும் சொல்லமாட்டேன். சான் ஃபிரான்சிஸ்கோவின் லோவெல் பள்ளியில் அதைச் செய்துபார்த்து, 2022இல் மதிப்பெண் முறைக்கே திரும்ப வாக்களித்தார்கள். பள்ளிவாரி ஒதுக்கீடு இருக்கட்டும். கூடவே பள்ளி நேரத்திலேயே, விண்ணப்பிக்காத பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் இலவசக் கணக்குத் தேர்வு ஒன்று வேண்டும். கட்டுரையை மட்டும் வைத்துக் கணக்கில் ஆழம் பார்ப்பது சிரமம். அதைவிட முக்கியம், எல்லாத் தொடக்கப் பள்ளியிலும் அட்வான்ஸ்டு கணக்கு. சண்டை முழுக்க எட்டாம் வகுப்பைப் பற்றியே நடக்கிறது.

செண்டர்வில் வாசகர்: யு.எஸ். நியூஸ் பத்திரிகையின் பள்ளித் தரவரிசையில் டிஜே முதலிடத்திலிருந்து 14க்கு இறங்கியதே?

14ஆம் இடம் தந்த 2024 பட்டியல் 2021-22 கல்வியாண்டுத் தரவை வைத்தது. அப்போதைய 12ஆம் வகுப்பு, பழைய தேர்வை எழுதி வந்த வகுப்பு. புதிய முறையில் வந்தவர்கள் அன்று ஒன்பதாம் வகுப்பில்தான் இருந்தார்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி: மிஸ், எனக்குக் கிடைக்கலை. என்னைவிட மார்க் கம்மியான ஃப்ரெண்டுக்குக் கிடைச்சிருச்சு.

வலிக்கத்தான் செய்யும், கண்ணு. ஆனால் அந்தத் தோழி விதியை எழுதவில்லை. அவளிடம் பேசாமல் இருந்துவிடாதே. பத்தாம் வகுப்பில் சேர இன்னொரு விண்ணப்ப வாய்ப்பு உண்டு. ஒன்பதாம் வகுப்பில் கணக்கையும் அறிவியலையும் ஹானர்ஸாகவே எடு. உன் பள்ளி ஆலோசகரிடம் அந்த விண்ணப்பத் தேதியை இப்போதே கேட்டு வைத்துக்கொள்.