தடயவியல் இரசாயனம் படிக்கலாமா?

வணக்கம் ஐயா,

உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். தடயவியல் இரசாயனம் படிக்க ஆசை. "அதெல்லாம் வெளிநாட்டுப் படிப்பு" என்கிறார் மாமா. அம்மாவோ "பிரேதத்தோடை நிக்கிற வேலை உனக்கு எதுக்கு?" என்கிறா. வன்னியில் இருந்துகொண்டு இதற்கு வழி உண்டா?

மாணவி, தர்மபுரம்

அன்பின் பிள்ளைக்கு,

முதலில் அம்மாவின் பயம். பிரேத பரிசோதனை சட்ட வைத்திய அதிகாரியின் வேலை. இரசாயனவியலாளரிடம் வருவது முத்திரை வைத்த போத்தலும் பொதியும்தான்.

மாமா சொல்வது பாதி சரி. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் தடயவியல் இரசாயனத்துக்கென்றே இளமாணிப் பட்டம் இருக்கிறது. ஆனால் அப்படியான படிப்பின் முதுகெலும்பு சேதன, பௌதிக, பகுப்பாய்வு இரசாயனங்களே. அவற்றை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலும் படிக்கலாம். பட்டத்தின் பெயருக்காகக் காணியை ஈடு வைக்க வேண்டாம். பத்தரமுல்லையில் இருக்கும் அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் இரசாயனப் பட்டதாரிகளுக்கு இடமுண்டு.

வேலை எப்படி என்று அறிய, கிளிநொச்சி நீதிமன்றத்தில் ஒரு நாள் இருந்து பாருங்கள். கசிப்பு, கஞ்சா, ஐஸ் வழக்குகள் பகுப்பாய்வாளர் அறிக்கைக்காகத் தவணை போவதைக் காண்பீர்கள்.

விபத்தில் சிக்கிய சாரதி ஒருவரின் இரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் போகும். அடியில் கிடக்கும் வெள்ளைத் தூளில் சோடியம் புளோரைட்டு உண்டு. அது இல்லாமல் நம்மூர் வெக்கையில் குழாய் கிடந்தால், நுண்ணங்கிகள் இரத்தத்திலுள்ள குளுக்கோசை நொதிக்க வைத்து அற்ககோல் ஆக்கிவிடலாம். குடிக்காதவர் குடிகாரர் ஆகிவிடுவார்! ஆய்வுகூடத்தின் வாயு நிறப்பகுப்புக் கருவி குழாயில் இருக்கும் அற்ககோலைத் துல்லியமாக அளக்கும். அது உடம்பில் இருந்ததா, குழாயில் விளைந்ததா என்று சொல்லாது. குறுக்கு விசாரணையில் சட்டத்தரணி பிடிப்பதும் அதைத்தான்: யார் எடுத்தது, எங்கே வைத்தது, முத்திரை உடைந்திருந்ததா?

மன்னார் சதோச வளாகப் புதைகுழி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018இல் தோண்டப்பட்ட அங்கிருந்து 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. புளோரிடா ஆய்வுகூடமொன்றுக்குப் போனவை 6 மாதிரிகள். 2019இல் வந்த காபன் காலக்கணிப்பு அவற்றை 1404 முதல் 1635 வரையான காலத்துக்குரியவை என்றது. உறவுகளைத் தேடி அலையும் குடும்பங்களால் அதை ஏற்க முடியவில்லை. கருவி பொய் சொன்னது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது பேசியது அந்த 6 மாதிரிகளைப் பற்றி. எந்த எலும்பை, எந்த மட்டத்தில் இருந்து, ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்பதை ஆய்வுகூட முடிவிலிருந்து அறிய முடியாது. அந்தக் கேள்விகளை இரசாயனம் தெரிந்து கேட்கக்கூடிய ஆட்கள் வன்னியில் இருந்து வரவேண்டும் என்பது என் விருப்பம். புள்ளிவிபரவியலையும் ஆங்கிலத்தையும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் நிரப்பும்போது உயிரியல் விஞ்ஞானத்தை மேலே போடுங்கள். வெட்டுப்புள்ளி தாண்டி மருத்துவமே கிடைக்கும் போலிருந்தால் அனுப்ப முன் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். சட்ட வைத்திய அதிகாரி பற்றி அம்மாவிடம் வேறு கதை சொல்லவேண்டி வரும்.