அம்மாகிட்ட சொல்லலாமா, வேணாமா?

கேள்வி: அக்கா, எங்க அம்மாவுக்கு 58 வயசு, கோவில்பட்டியில இருக்காங்க, நான் பெங்களூர்ல வேலை பாக்குறேன். மார்புல கட்டின்னு பயாப்ஸி எடுத்தோம், போன வாரம் கேன்சர்னு ரிப்போர்ட் வந்துடுச்சு. அம்மாகிட்ட "சாதா கட்டிதான், மாத்திரைல கரைஞ்சிடும்"னு சொல்லி வச்சிருக்கோம், தெரிஞ்சா மனசு விட்டுருவாங்கன்னு அண்ணனும் சித்தப்பாவும் ஒரே பிடிவாதம். சென்னைக்கு கொண்டு போங்கன்னு ஒருத்தர், நாளைக்கே ஆபரேஷன் பண்ணுங்கன்னு ஒருத்தர், இங்கிலீஷ் மருந்தே வேணாம்னு ஒருத்தர், போன் ஓயல. காசும் பெருசா இல்ல. ராத்திரி பாத்ரூம்ல போய் அழுதுட்டு வர்றேன். எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.
- பெயர் வேண்டாம்

பதில்: அம்மாகிட்ட சொல்லிடுங்கம்மா, ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான். நீங்க மறைச்சாலும் அவங்களுக்கு பாதி தெரிஞ்சிருக்கும், யாரும் பாக்காதப்போ முந்தானைக்குள்ள கைய விட்டு அந்த இடத்த தொட்டுப் பாத்துக்கிட்டுதான் இருப்பாங்க, நீங்க உள்ள வந்ததும் பேச்ச நிறுத்துறதயும் கவனிச்சிருப்பாங்க. நாளைக்கு கீமோ வார்டுல பக்கத்து பெட்ல இருக்கறவங்க "உங்களுக்கு இது எத்தனாவது கீமோக்கா"ன்னு சாதாரணமா கேட்டுருவாங்க. யாரோ ஒருத்தர் வாயில இருந்து தெரியறதுக்கு பெத்த பொண்ணு சொல்றது எவ்வளவோ மேல். இன்னொன்னு, கட்டிய மட்டும் எடுக்கறதா மார்பையே எடுக்கறதாங்கற பேச்சு வரும். அது அவங்க உடம்பு, அண்ணனும் சித்தப்பாவும் முடிவு பண்ற விஷயமே இல்ல.

போன்ல சொல்லாதீங்க, லீவு போட்டு ஊருக்குப் போங்க. ராத்திரி சாப்பாடு முடிஞ்சு வீடு அடங்கினப்புறம் "அம்மா, டாக்டர் சொன்னத முழுசா சொல்லவா"ன்னு முதல்ல கேளுங்க. வேணாம்னா விட்டுருங்க, அவங்களே கேப்பாங்க. சொல்லுன்னா கேன்சர்ங்கற வார்த்தையையே சொல்லுங்க, சொல்லிட்டு கொஞ்ச நேரம் பேசாம இருங்க, அழுதா அழட்டும், நீங்களும் அழலாம். "பொழைப்பேனாடி"ன்னு கேட்டா "எந்த ஸ்டேஜ்னு இன்னும் பாக்கலம்மா, ஆனா வைத்தியம் இருக்கு, நான் கூட இருக்கேன்"னு சொல்லுங்க, அதுல ஒரு வார்த்தை கூட பொய் இல்லல்ல.

நாளைக்கே ஆபரேஷன்னு யாரும் அவசரப்படுத்தினா பயப்படாதீங்க. மார்பக கேன்சர்ல ஒண்ணு ரெண்டு வாரம் எடுத்து சரியா முடிவு பண்றதால பொதுவா ஒண்ணும் கெட்டுப் போகாது, மாசக்கணக்கா தள்ளிப் போடறதுதான் தப்பு. பயாப்ஸி மாதிரிய வச்சு, எந்த வகை கேன்சர்னு தெரிஞ்சுக்க இஆர், பிஆர், ஹெர்2ன்னு மூணு டெஸ்ட் பாப்பாங்க, கீமோவா ஆபரேஷனா எது முதல்லங்கறது பெரும்பாலும் அதையும் ஸ்டேஜையும் பொறுத்துதான். அந்த ரிசல்ட் வந்துடுச்சான்னு கேளுங்க. பயாப்ஸி எடுத்த லேப்ல ரிப்போர்ட்டோட ஸ்லைடையும், எடுத்த சதைய பதிச்சு வச்சிருக்கற மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கோங்க, வேற ஆஸ்பத்திரியில அபிப்பிராயம் கேட்டா அதத்தான் முதல்ல கேப்பாங்க, இல்லன்னா மறுபடி ஊசி குத்தணும். ஊசி குத்தினா பரவிடும்னு சொந்தக்காரங்க சொல்வாங்க, அதெல்லாம் நம்பாதீங்க.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் முத்துலட்சுமி ரெட்டி 1954ல ஆரம்பிச்சது, அங்கயோ வேலூர் சிஎம்சியிலயோ ஒரு தடவ காட்டி பிளான் போட்டு வாங்குறது நல்ல விஷயம். ஆனா வைத்தியம் முழுக்க அங்கதான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இத யோசிங்க, கீமோ பல பேருக்கு 21 நாளைக்கு ஒரு தடவ, ரேடியேஷன்னா வாரத்துல அஞ்சு நாள், மூணு வாரம் அஞ்சு வாரம்னு இழுக்கும், அத்தன நாளும் தங்கறதுக்கு ரூம், சாப்பாடு, கூட ஒரு ஆள் வேணும். கீமோ ஓடுறப்போ காய்ச்சல் 100.4 தாண்டினா விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, அப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அதனால மதுரையிலயும் திருநெல்வேலியிலயும் இருக்கற கவர்ன்மென்ட் மெடிக்கல் காலேஜ் கேன்சர் பிரிவயும் விசாரிச்சுப் பாருங்க.

காசு விஷயம். முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருக்கா? வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, திட்டத்துல இருக்கற பிரைவேட் ஆஸ்பத்திரியிலயும் செல்லும். விஏஓகிட்ட வருமான சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு மையத்துக்குப் போங்க. அட்மிஷனுக்கு முன்னாடியே அப்ரூவல் வாங்கணும், கைக்காசு கட்டிட்டு அப்புறம் போய் நிக்காதீங்க. ரயில்லயும் சலுகை இருக்கு, வைத்தியத்துக்குப் போற கேன்சர் பேஷண்டுக்கு ஸ்லீப்பர்லயும் மூணாவது ஏசியிலயும் டிக்கெட் இலவசம், கூட போற ஒருத்தருக்கு 75 சதவீதம் குறையும், ஆஸ்பத்திரியில அதுக்குன்னு ஒரு ஃபாரம் கேட்டு கையெழுத்து வாங்கணும்.

போன்கள அண்ணன் கையில குடுத்துருங்க, அவருக்கும் ஏதாவது செய்யணும்னு தவிப்பாத்தான் இருக்கும். தினம் ஒரு வாட்ஸப் மெசேஜ் போட்டா போதும், ஆளாளுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்ல. முள்சீத்தா, கஷாயம்னு எது வந்தாலும் டாக்டர்கிட்ட காட்டாம அம்மாவுக்குக் குடுக்காதீங்க, சிலது கீமோ மருந்தோட சேராது. பாத்ரூம்ல தனியா அழறது ரொம்ப முடியாமப் போச்சுன்னா 14416க்கு அடிங்க, அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசுவாங்க, ராத்திரியும் எடுப்பாங்க.

கேள்வி: எதிர் வீட்டு அண்ணிக்கு கேன்சராம். பாக்கப் போகணும், என்ன பேசறதுன்னு தெரியாம ரெண்டு நாளா தள்ளிப் போடுறேன்.
- வாசகி, திருச்சி

பதில்: இன்னிக்கே போங்கம்மா. எந்த ஸ்டேஜ்னு கேக்காதீங்க, உங்க ஒண்ணுவிட்ட அத்தை எப்படி இறந்தாங்கன்னு சொல்லாதீங்க. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க"ன்னா யாரும் வாய் திறந்து கேக்க மாட்டாங்க, அதனால "செவ்வாய்க்கிழம கீமோவாமே, பசங்கள ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டு வந்துடறேன், ராத்திரி தோசை எங்க வீட்லயே சாப்பிடட்டும்"னு நீங்களே சொல்லிடுங்க. அன்னிக்கு சளி, காய்ச்சல் இருந்தா மட்டும் வீட்டுக்குள்ள போகாம வாசல்லயே நின்னு பேசிட்டு வாங்க.