வீட்டை எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளையா?

கேள்வி: வக்கீல் ஆச்சிக்கு வணக்கம். எனக்குக் கல்யாணமாகி 11 வருடம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. ஒத்துவரவில்லை, ஒரு வருடத்துக்கு மேலாகத் தனித்தனியாக இருக்கிறோம். காரைக்குடியில் இருவர் பெயரிலும் கடனில் வாங்கிய வீடு இருக்கிறது. “உன் பங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடு, பிள்ளைகளை நீயே வைத்துக்கொள்” என்கிறார் கணவர். என் சீர்ச் சாமான்கள் கிராமத்து வீட்டில், எங்கள் அறையில் கிடக்கின்றன. சாவி மாமியாரிடம். எழுதிக் கொடுத்துவிடலாமா?

- காரைக்குடி வாசகி

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், தங்கச்சி. வீடு வேறு, பிள்ளைகள் வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க அவருக்கும் உரிமையில்லை, உங்களுக்கும் இல்லை.

5 வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று இந்துக்களுக்கான 1956ஆம் வருடக் காப்பாளர் சட்டமே சொல்கிறது. மகள் விஷயத்தில் கோர்ட் அவளுடைய நலனைத்தான் பார்க்கும். பிள்ளைகளுக்கான ஜீவனாம்சமும் அவர்கள் பாத்தியதை. நீங்கள் ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தாலும் அது போகாது. கிராமத்து வீடு பூர்வீகச் சொத்தாக இருந்தால், அப்பச்சியின் (அப்பாவின்) பங்கில் மகனைப் போல மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை உண்டு. உங்களுக்கு அதில் பங்கு கிடையாது.

காரைக்குடி வீட்டுக்கு வருவோம். பத்திரத்தில் பங்கு பிரித்து எழுதவில்லை என்றால், யார் எவ்வளவு பணம் போட்டீர்களோ அந்தக் கணக்குப்படி பங்கு. கணக்கே இல்லையென்றால் சரிபாதி. நகையை விற்றுப் பணம் போட்டிருந்தால் அந்த ரசீதைத் தேடி எடுங்கள். இன்னொன்று, வீட்டை அவருக்கு விட்டுக்கொடுத்தாலும் கடன் உங்களை விடாது. உங்கள் பெயரை எடுத்துவிட்டதாக வங்கி எழுத்தில் தர வேண்டும். இதைக் கவனிக்காமல் பின்னால் தவணை நோட்டீஸோடு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சீர் முழுக்க உங்களுடையது. 1985லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் பக்கம் கல்யாணத்தில் சீர்ச் சாமான் பரப்பும்போது பட்டியல் எழுதுவோமே, அதுதான் சாட்சி. ஒரு வழக்கில் பெண்ணைப் பெற்ற ஆத்தா எழுதிய நோட்டைக் கொண்டுவந்தார்கள். பித்தளை அண்டா, மங்குச் சட்டி, எவர்சில்வர் கரண்டி வரை வரிவரியாக இருந்தது. சமரசப் பேச்சில் அதை வாசிக்க வாசிக்க எதிர்த்தரப்பு அமைதியாகிவிட்டது. அந்த வாரமே அறை திறந்தது. கல்யாணத்தில் போட்ட கழுத்திரு (நம் பக்கத்துத் தங்கத் தாலி மாலை) யார் கையில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

அப்புறம், வரிசை முக்கியம். இருவரும் சேர்ந்து கேட்கும் பரஸ்பர சம்மத விவாகரத்து மனு போட்டபின் 6 மாதம் காத்திருக்க வேண்டும்; தகுந்த வழக்கில் அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். முதலிலேயே பத்திரம் பதிந்துவிட்டு, அவர் மனம் மாறினால் என்ன செய்வீர்கள்? வீடு, கடன், சீர், பள்ளிக் கட்டணம், பிள்ளைகள் அப்பச்சியோடு இருக்கும் நாட்கள் எல்லாவற்றையும் மனுவிலேயே எழுதுங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

நீதிபதி உங்கள் மகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம். இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று அவளுக்கு எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவள் மனதில் இருப்பதை அவளே சொல்லட்டும்.