கடற்கரையை வைத்து ஊசிப் பின்னலில் (நிட்டிங்) கலைப்படைப்பு செய்ய முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். நான் முதலில் செய்தது படு மோசம். நீலத்தில் பாதி, மணல் நிறத்தில் பாதி, நடுவில் வெள்ளைக் கோடு. பார்த்தவர்கள் "யாருக்கு ஸ்வெட்டர்?" என்றார்கள். நிறத்தை நம்பியதுதான் தப்பு. அடுத்த முறை ஒரே சாம்பல் வெள்ளை நூலை மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணிகளாலேயே, அதாவது ஊசியில் விழும் நூல் வளையங்களாலேயே, அலையைக் கொண்டுவரப் பார்த்தேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

அலைக்கு ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளின் 'ஓல்டு ஷேல்' என்ற பழைய பின்னல் போதும். 18 கண்ணிகள், 4 வரிசைகள், அதையே திரும்பத் திரும்ப. அதில் ஒரே வரிசையில்தான் வேலை. இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று முறை, பிறகு நூலை ஊசிமேல் சுற்றி ஒரு கண்ணி என்று ஆறு முறை, மறுபடி இரண்டிரண்டாக மூன்று முறை. சேர்த்த இடம் இறுகும், சுற்றிய இடம் விரியும், விளிம்பு தானாக வளையும். ஒவ்வொரு அலையும் ஒரே அளவில் வருவதுதான் இதன் குறை. அதனால் அங்கங்கே வரிசையை முடிக்காமல் பாதியில் திரும்பிவிடுவேன். அந்தப் பக்கம் மட்டும் மேடு தட்டி, அலை கோணலாகிவிடும்.

நுரை எனக்குப் பிடித்த பகுதி. கண்ணி நழுவினால் பதறுவோமே, அதையே வேண்டுமென்று செய்ய வேண்டும். நுரை எங்கே முடிய வேண்டுமோ அந்த வரிசையில் நூலைச் சுற்றி ஒரு புதுக் கண்ணியைச் சேர்த்துவிடுங்கள். பத்துப் பதினைந்து வரிசை கழித்து அதே கண்ணியை ஊசியிலிருந்து விட்டுவிட்டால், ஏணி போலப் பிரிந்துகொண்டே இறங்கி, சேர்த்த இடத்தில் நின்றுவிடும்.

பாறையில் ஒட்டிய சிப்பிகளுக்கு: கம்பளித் துணிக்குள் கோலிக்குண்டுகளை வைத்து நூலால் இறுக்கிக் கட்டி, சோப்பு போட்ட சுடுநீரில் நன்றாகத் தேயுங்கள். காய்ந்தபின் குண்டுகளை எடுத்தால் குமிழ்கள் நிற்கும். லேபிளில் 'மெஷினில் துவைக்கலாம்' என்றிருக்கும் கம்பளி இதற்கு ஆகாது, அது சுருங்காதபடி பதப்படுத்தியது. இது தெரியாமல் ஒரு மணி நேரம் கையைச் சுட்டுக்கொண்டேன்.

கடற்பாசி சுலபம். 20 கண்ணிகளில் தொடங்கி இடையிடையே இரட்டிப்பாக்கி 40, 80, 160 என்று போனால் கொசுவம் கொசுவமாகச் சுருளும். 1997ல் கணிதவியலாளர் டைனா டைமினா கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய்த்தான் விளிம்புக்குப் போகப் போக விரிந்து நெளியும் 'ஹைப்பர்போலிக் தளம்' என்ற கணித வடிவத்தைக் கையில் தொடும்படி செய்தார். 2005ல் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் அதிலிருந்து ஒரு பவளப்பாறையையே வளர்க்கத் தொடங்கினார்கள். இரண்டுமே குரோஷே, அதாவது ஒற்றைக் கொக்கியால் பின்னுவது. அதில் ஒரு கண்ணிதான் கொக்கியில் இருக்கும். நமக்கோ அத்தனையும் ஊசியிலேயே நெரியும். நீளமான வட்ட ஊசி (இரண்டு ஊசிகளை வளையும் கம்பியால் இணைத்தது) வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மாட்டுவதைப் பற்றி. பருத்தி நூலில் பின்னிய என் படைப்பின் அடியில் கூழாங்கற்களைக் கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு மாதத்தில் நான்கு விரற்கடை இறங்கிவிட்டது. கழற்றவில்லை. நுரை ஏணிகள் இப்போதுதான் ஒழுங்காகத் திறந்திருக்கின்றன.